புது வீட்டுச் சுவருக்கு நாமே ஒரு பேட்டர்ன்: ஸ்டென்சிலா, டேப்பா, அச்சா, சதுரங்களா?

புது வீட்டில் ஒரு பெரிய சுவர் வெறுமையாக நிற்கிறது. விலைக்கு வாங்கிய படம் வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை வைத்து நாமே ஏதாவது செய்யலாம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. செய்முறை வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தால் ஐந்து வழிகள் கண்ணில் படும். ஸ்டென்சில் வைத்துச் சுவரிலேயே பெயின்ட் அடிப்பது. மாஸ்கிங் டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாக நிறம் போடுவது. அச்சுக்கட்டை செதுக்கித் துணியில் அடித்துச் சட்டத்தில் இழுத்து மாட்டுவது. கணினியில் வரைந்து பெரிதாக அச்சிடுவது. சின்னச் சின்னச் சதுரப் பலகைகளுக்கு வண்ணம் பூசி அடுக்குவது. வேலை முடிந்த பிறகு எடுத்த படத்தில் ஐந்தும் அழகாகத்தான் இருக்கும். அதனால் அழகை வைத்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நான் இவற்றைக் கை தவறும் இடத்தை வைத்துத்தான் ஒப்பிடுவேன். மலையோ மரமோ வரையும்போது கோடு சற்று விலகினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரே பூ 90 முறை வரிசையாக வரும் சுவரில் ஏதோ ஒரு பூ அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், அறைக்குள் வருபவரின் கண் நேராக அங்கேதான் போகும். பேட்டர்னின் தொல்லையே இதுதான். ஒழுங்கைக் காட்டிக்கொண்டே இருப்பதால் ஒழுங்கு குலைந்த இடத்தையும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு வழியிலும் பிழை எங்கே வருகிறது, வந்தால் எவ்வளவு தெரியும், திருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். அத்துடன், புது வீடு என்பதால், பிடிக்காவிட்டால் கழற்ற முடியுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். குடிபோன புதிதில் சோபா எந்தப் பக்கம் நிற்கும், மாலை வெயில் எந்தச் சுவரில் விழும், எந்த அறையில் எல்லோரும் உட்கார்வார்கள் என்பதெல்லாம் நமக்கே தெரியாது.

முதலில் சுவர் தயாரா?

சுவரிலேயே வேலை செய்யும் எண்ணம் இருந்தால் இதைத் தாண்டிப் போக முடியாது. புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் உலர்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், காரத்தன்மையும் அதிகமாக இருக்கும். பெயின்ட் அடிக்கும் முன் பூச்சுக்கு 28 நாட்களாவது கொடுக்கச் சொல்வார்கள். குளிர்ச்சியான, காற்றோட்டம் குறைந்த இடமென்றால் அதற்கு மேலும் ஆகும். அவசரப்பட்டு அடித்தால் ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து வெள்ளையாகப் பூக்கும், பெயின்ட் உரியும். வெறும் சுவர் என்றால் மறுபடி ஒரு கோட் அடித்துவிடலாம். பேட்டர்ன் வரைந்த சுவரில் ஒரு இடத்தை மட்டும் சுரண்டித் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது பெயின்ட்டின் வயது. தண்ணீரில் கரையும் எமல்ஷன் ஓரிரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். ஆனால் அது முழுதாக இறுகுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் டேப்பை ஒட்டி இழுத்தால் அடியில் இருக்கும் நிறமும் சேர்ந்து வரும். டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ பூசிய சுவர் எத்தனை நாள் போனாலும் டேப்புக்கு ஒத்துவராது. விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் டேப் வழியை இப்போதே மறந்துவிடலாம்.

ஸ்டென்சில்

முழுச் சுவரையும் நிரப்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வருவார்கள். அது நியாயம்தான். ஒரு தகடு, ஒரு நுரை ரோலர், ஒரே டப்பா பெயின்ட் போதும். பெரிய பரப்பு முடிந்துவிடும்.

இதில் பிழை பிறப்பது பெயின்ட்டில் இல்லை, அளவெடுப்பதில். 3 மீட்டர் அகலச் சுவரில் 30 சென்டிமீட்டர் ஸ்டென்சில் என்றால் ஒரு வரிசைக்கு 10 முறை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முந்தைய அச்சின் விளிம்பைப் பார்த்து அடுத்ததை வைப்பதுதான் வழக்கம், தகட்டிலேயே அதற்கு அடையாளத் துளைகளும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக 1 மில்லிமீட்டர் சாய்ந்தால் வரிசை முடியும்போது கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். அடுத்த வரிசை அந்தச் சாய்வின் மேல் தொடங்கும். ஆகவே பக்கத்து அச்சை நம்பாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். சுவரின் நடுவில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு ஒரு நேர்க்கோடு, அதற்குக் குறுக்கே ரசமட்டம் வைத்து ஒரு கிடைக்கோடு, அங்கிருந்து இரு பக்கமும் அளந்து மெல்லிய பென்சில் புள்ளிகள். இதற்கு அரை நாள் போனாலும் போகட்டும். அடிப்பது அதற்கப்புறம் சுலபம்.

கூரையின் விளிம்பை நம்பி வரிசை தொடங்கக் கூடாது. புது வீடாக இருந்தாலும் கூரையும் தரையும் துல்லியமான மட்டத்தில் இருப்பது அபூர்வம். மட்டமான பேட்டர்னைச் சாய்ந்த கூரைக்குக் கீழே வைத்தால் மேல் வரிசைப் பூக்கள் ஒரு மூலையில் முழுதாகவும் மறு மூலையில் வெட்டுப்பட்டும் தெரியும். அப்படி இருந்தால் மேலே ஒரு சாண் அளவு வெற்று இடம் விட்டு நிறுத்துவது நல்லது. சாய்வு கண்ணில் படாது.

இனி பெயின்ட். ரோலரில் நிறையப் பெயின்ட் இருந்தால் தகட்டுக்கு அடியில் கசியும். ரோலரைத் தோய்த்த பிறகு பழைய துணியிலோ தாளிலோ நன்றாக உருட்டி, கிட்டத்தட்ட காய்ந்துபோன நிலைக்குக் கொண்டுவந்துதான் சுவரில் வைக்க வேண்டும். ஒரே தடவையில் அழுத்தி அடிப்பதைவிட மெலிதாக இரண்டு தடவை அடித்தால் விளிம்பு சுத்தமாக வரும். சில அச்சுகளுக்கு ஒரு முறை தகட்டின் பின்புறத்தைத் துடைக்கவும் வேண்டும்.

தகட்டை வீட்டிலேயே வெட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டத்துக்குள் வட்டம் வெட்டினால் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள ஆங்காங்கே சின்னப் பாலங்கள் விட வேண்டும். டிசைனை வரையும்போதே பாலங்களையும் சேர்த்து வரைந்தால் அவை டிசைனின் பகுதியாகவே தெரியும். கடைசியில் ஒட்டவைத்தது போல விட்டால், பார்க்கும் எல்லோருக்கும் அது ஸ்டென்சில் என்று தெரிந்துவிடும்.

பிழை மன்னிப்பு என்ற கணக்கில் ஸ்டென்சில் நடுத்தரம். நிறம் ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் விழுந்தால் கையால் செய்த அழகு கூடும், குறை தெரியாது. கசிவை அடிநிறத்தைத் தொட்டு மெல்லிய பிரஷால் மூடலாம். வரிசை சாய்ந்தால் மட்டும் திருத்தவே முடியாது. கழற்றும் பேச்சும் இல்லை. பிடிக்காவிட்டால் சுவர் முழுவதும் மறுபடி அடிக்க வேண்டும். பளபளப்பான பெயின்ட்டில் பேட்டர்ன் போட்டிருந்தால், மேலே புது நிறம் பூசிய பிறகும் பழைய வடிவம் மேடாகத் தெரியும். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும்.

தைரியம் குறைவாக உள்ளவர்களுக்கு ஒரு நல்ல யோசனை உண்டு. சுவர் மங்கலான மேட் பெயின்ட்டில் இருந்தால், அதே நிறத்தை மினுமினுப்பு வகையில் வாங்கி ஸ்டென்சில் அடிக்கலாம். நேரே பார்த்தால் வெற்றுச் சுவர். பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் பேட்டர்ன் தெரியும். சின்னச் சாய்வும் கசிவும் இதில் கண்ணுக்குச் சிக்குவது கடினம்.

மாஸ்கிங் டேப்

முக்கோணங்களும் சாய்சதுரங்களுமாக, கத்தியால் வெட்டியது போன்ற கோடுகள் வேண்டும் என்றால் இதுதான். ஐந்து வழிகளில் இரக்கமே இல்லாதது இதுதான் என்பதும் என் அபிப்பிராயம். கூர்மையான நேர்க்கோட்டில் 2 மில்லிமீட்டர் கசிவுகூட ரம்பப் பல் போலத் தெரியும். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டிய இடத்தில் அவை சந்திக்காவிட்டால் அதை மறைக்க எந்த வித்தையும் கிடையாது.

கசிவுக்கு மருந்து இருக்கிறது. டேப்பை ஒட்டி விளிம்பை அழுத்தித் தேய்த்ததும், புது நிறத்தைப் பூசுவதற்கு முன் சுவரின் பழைய நிறத்தையே அந்த விளிம்பின் மேல் ஒரு முறை பூச வேண்டும். டேப்புக்கு அடியில் கசியப்போவது ஏற்கெனவே அங்கே இருக்கும் நிறம்தான், அதனால் கசிந்தாலும் தெரியாது. கசிவு வழியும் அடைபட்டுவிடும். அது காய்ந்த பிறகு புது நிறம். கடைசிக் கோட் சற்று ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சுவரோடு மடக்கிய மாதிரி மெதுவாக உரிக்க வேண்டும். முழுதாகக் காய்ந்தபின் இழுத்தால் பெயின்ட் படலம் கிழிந்து விளிம்பு பிய்யும்.

இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து வரும் கட்டங்களை ஒரே நாளில் முடிக்க முடியாது. பக்கத்துக் கட்டத்தில் டேப் ஒட்ட வேண்டுமென்றால் முந்தைய நிறம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நான்கு நிற டிசைன் என்றால் பாதிக் கட்டங்கள் நிறைந்த சுவரோடு பல நாட்கள் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை நான் சொல்லமாட்டேன்.

டேப்பிலும் பென்சில் கோட்டிலும் வேலை செய்பவர்கள் அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட்டின் முறையை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். 1968-இல் தொடங்கிய அவருடைய சுவர் ஓவியங்களில் முதன்மையானது எழுதிவைத்த அறிவுறுத்தல்தான். கோடு இங்கிருந்து தொடங்கி இப்படிப் போக வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுக்க, பெரும்பாலும் மற்றவர்களே சுவரில் வரைந்தார்கள். குடும்பமாகச் சேர்ந்து செய்யும் வீட்டில் இது நன்றாக உதவும். அண்ணன் ஒரு மாதிரியும் தங்கை ஒரு மாதிரியும் கட்டம் போடுவதற்கு முன், டிசைனை நான்கு வரி விதியாக எழுதிச் சுவரோரம் ஒட்டிவையுங்கள். விதியை எழுத முடியவில்லை என்றால் டிசைன் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

துணியில் அச்சு

இங்கே கதை மாறுகிறது. லினோலியம் தகட்டிலோ, பெரிய ரப்பர் துண்டிலோ, மரத்திலோ ஒரு வடிவத்தைச் செதுக்கி, துணி வண்ணம் தொட்டு, துணியில் அழுத்தி எடுப்பது. அப்புறம் அதை மரச் சட்டத்தில் இழுத்து ஆணியில் மாட்டுவது. பிழையை இவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ளும் வழி வேறு இல்லை. கையால் அடித்த அச்சு என்பது பார்த்தவுடனே தெரிவதால், ஒரு இலை மங்கலாக விழுந்தாலும், ஒன்று ஒரு நூலளவு திரும்பினாலும் கண் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தச் சலுகை அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பிழைகளுக்குத்தான். எல்லா அச்சும் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் துணியிலும் கோணல் கோணல்தான்.

இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பென்சிலோ சாக்பீஸோ வேண்டாம். துணியைச் சம பாகமாக மடித்து இஸ்திரி போட்டால் மடிப்புக் கோடுகளே கட்டங்களாகும். வேலை முடிந்து மறுபடி இஸ்திரி போடும்போது அவை காணாமல் போய்விடும்.

துணி பருத்தியாக இருக்கட்டும், நெசவு நெருக்கமாக இருக்கட்டும். புதுத் துணியில் கஞ்சி ஏறியிருக்கும். அதை ஒரு முறை துவைத்து எடுக்காவிட்டால் வண்ணம் நூலுக்குள் இறங்காது. மேசை மேல் ஒரு பழைய போர்வையை விரித்து அதன் மேல் துணியைப் போட வேண்டும். கடினமான பலகை மேல் அடித்தால் அச்சின் நடுப்பகுதி பல இடங்களில் பதியாது. வண்ணத்தைக் கட்டையில் பிரஷால் தடவாமல், ஸ்பாஞ்சில் ஊறவைத்துக் கட்டையை அதில் ஒற்றி எடுங்கள். பிரஷால் தடவினால் செதுக்கிய பள்ளங்களில் வண்ணம் தேங்கி, வடிவம் சேறாகும். பெரும்பாலான துணி வண்ணங்கள் இஸ்திரிச் சூட்டில்தான் நிலைக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பது டப்பாவிலேயே இருக்கும்.

செதுக்கும்போது கத்தி எப்போதும் உங்கள் கையைவிட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும், கட்டையைப் பிடித்திருக்கும் கை கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். லினோலியம் கெட்டியாக இருந்தால் சற்று வெதுவெதுப்பாக்கினால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அச்சில் எல்லாம் இடவலம் மாறித்தான் விழும் என்பது எழுத்து செதுக்கும்போது மறந்துபோகும். இலைக்கும் பூவுக்கும் அந்தக் கவலை இல்லை.

அடுத்தடுத்த அச்சுகளைச் செங்கல் வரிசை மாதிரி அரைக் கட்டம் தள்ளி அடிப்பதை நான் பலமாகச் சிபாரிசு செய்வேன். நேர் கட்டத்தில் அடித்தால் நீள வரிசையும் குறுக்கு வரிசையும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், சின்னக் கோணலும் அம்பலமாகும். அரைக் கட்டம் தள்ளினால் கண் மூலைவாட்டில் போகத் தொடங்கும். ஒரே கட்டை, ஒரே நிறம், ஆனால் பேட்டர்ன் பணக்காரத் தோற்றத்துக்கு வந்துவிடும். துணி டிசைன்களிலும் சுவர்த்தாள்களிலும் இந்த அடுக்கு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தில் இழுப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். 60-க்கு 90 சென்டிமீட்டர் சட்டம் என்றால், சட்டத்தின் கனத்தையும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் 7 அல்லது 8 சென்டிமீட்டர் கூடுதல் துணி வேண்டும். அந்தக் கூடுதல் இடத்திலும் அச்சு தொடர வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் வெள்ளை விளிம்பு தெரியும். ஸ்டேபிளை மூலையிலிருந்து தொடங்கக் கூடாது. ஒரு பக்கத்தின் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்று, மற்ற இரண்டு பக்கமும் அதே போல, அப்புறம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எதிரெதிரே மாற்றி மாற்றி, மூலைகள் கடைசி. துணியின் நூலோட்டம் சட்டத்துக்கு இணையாக இருக்கிறதா என்று நான்கைந்து ஸ்டேபிளுக்கு ஒரு முறை பாருங்கள். நேராக அடித்த அச்சு கோணலாக இழுத்த துணியில் அலையடிக்கும்.

கழற்றுவது? ஆணியிலிருந்து எடுத்தால் முடிந்தது. வீடு மாறினாலும் கூட வரும்.

கணினியில் வரைந்து அச்சிடுவது

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் கைக்கு வேலை குறைவு. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் ஒரு வடிவத்தை வரைந்து ‘டைல்டு குளோன்ஸ்’ வசதியில் கொடுத்தால் அதுவே நகர்த்தி, சுழற்றி, கண்ணாடிப் பிம்பமாக்கி நிரப்பித் தரும். ஒரு தளத்தில் வடிவங்கள் இரண்டு திசைகளில் திரும்ப வருவதற்கு மொத்தம் 17 சமச்சீர் வகைகள்தான் உண்டு. ரஷ்யப் படிகவியலாளர் யெவ்கிராஃப் ஃபெடரோவ் 1891-இல் இதை நிறுவினார். அந்த 17-ம் இங்க்ஸ்கேப்பின் பட்டியலில் இருக்கின்றன. ஒரே இலையைப் பதினேழு விதமாகப் போட்டுப் பார்த்தால், எது சுவரில் ஓடுவது போலவும் எது உறைந்து நிற்பது போலவும் தெரிகிறது என்று ஒரு மணி நேரத்தில் பிடிபடும். கிருதா என்ற ஓவிய மென்பொருளில், வரையும்போதே நான்கு பக்கமும் தொடர்ந்து காட்டும் வசதியும் உண்டு.

பிழை இங்கே வரைபடத்தில் வராது. நிறத்திலும் தெளிவிலும் வரும். திரையில் பளிச்சென்று இருக்கும் பச்சையும் ஆரஞ்சும் அச்சில் மங்கும். பெரிய தாள் கொடுப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை அதே தாளில் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள். ஏ1 அளவு, அதாவது 594-க்கு 841 மில்லிமீட்டர், சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்கு அங்குலத்துக்கு 150 புள்ளிகள் போதும். அதற்கே ஏறக்குறைய 3,508-க்கு 4,967 பிக்சல் வேண்டும். வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத கோட்டு வடிவமாக வரைந்திருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. வெயில் படும் சுவர் என்றால் சாய மையைவிட நிறமி மையில் அச்சிடக் கேளுங்கள், வெளுக்க அதிக நாளாகும்.

வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் தட்டையான அச்சுத் தாள்தான். நாமே செய்தோம் என்ற சுகம் பாதிதான் கிடைக்கும். என்னைக் கேட்டால் மற்ற நான்கு வழிகளுக்கும் ஒத்திகையாக இதை வைத்துக்கொள்வதுதான் சரி. டிசைனைப் பல ஏ4 தாள்களில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.

சதுரங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வழிக்கு வந்துவிட்டேன். 1704-இல் செபாஸ்டியன் த்ருஷே என்ற பிரெஞ்சுத் துறவி, மூலைவிட்டத்தில் இரண்டு நிறமாகப் பிரிந்த ஒரு சதுர டைலை எடுத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் எத்தனை விதப் பேட்டர்ன்கள் வரும் என்று ஆராய்ந்து எழுதினார். ஒரு சதுரத்தை நான்கு விதமாகத் திருப்பலாம். 16 சதுரங்களை நான்குக்கு நான்காக அடுக்குவதற்கே 429 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. 1987-இல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் என்ற உலோகவியலாளர் இதன் இன்னொரு வடிவத்தைப் பிரபலமாக்கினார்: மூலைவிட்டத்துக்குப் பதிலாக, எதிரெதிர் மூலைகளை மையமாக வைத்து இரண்டு கால் வட்டங்கள். அவை பக்கங்களின் நடுப்புள்ளியில் முடிவதால், எப்படித் திருப்பி வைத்தாலும் கோடுகள் பக்கத்துச் சதுரத்தோடு சேர்ந்தே போகும். கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினாலும் நெளிந்து வளையும் ஒரு கோலம் கிடைக்கும்.

இது பிழை விஷயத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு சதுரம் கெட்டுப்போனால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி செய்யலாம். 36-இல் ஒன்று போனால் மற்ற 35-க்கு எந்தச் சேதமும் இல்லை. ஸ்டென்சிலிலும் டேப்பிலும் இதை நினைத்தும் பார்க்க முடியாது. நிறம் ஆளுக்கு ஆள் மாறினாலும் நல்லதே. கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட நீலங்கள் கலந்து அடுக்கிய பலகை, ஒரே நீலத்தைவிட உயிரோடு இருக்கும்.

15 சென்டிமீட்டர் சதுரங்கள் 36 எடுத்தால் 90 சென்டிமீட்டர் பலகையாகும். 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட் போதும். வெட்டுவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், மரக்கடையில் இயந்திர ரம்பத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். கையால் வெட்டிய சதுரங்கள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் வரிசை முடிவில் பல் இளிக்கும். இயந்திரத்தில் வெட்டினாலும் நெருக்கி ஒட்டாமல் சதுரங்களுக்கு இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். வெட்டுப் பிழை முழுவதையும் அந்த இடைவெளி விழுங்கிவிடும், நிழலும் விழுந்து பேட்டர்னுக்கு ஆழம் கிடைக்கும். அப்போது பலகை 92 சென்டிமீட்டர் அளவுக்கு வரும், சட்டத்தை அதற்கேற்ப வாங்குங்கள். எம்டிஎஃப்பின் வெட்டு விளிம்பு தண்ணீரை உறிஞ்சி உப்பும். பிரைமர் அடிக்கும்போது விளிம்பை மறக்க வேண்டாம். உப்புத்தாள் போடும்போது மூக்கில் மாஸ்க் அவசியம், அந்தத் தூள் மிக நுண்மையானது.

சதுரங்களைப் பின்பலகையில் பசையால் ஒட்டிவிடாமல் வெல்க்ரோவில் வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. சலித்துப்போனால் பேட்டர்னையே மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குறை என்னவென்றால் எடை. 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் சதுரங்களும் அதே கனத்தில் பின்பலகையும் சேர்ந்தால் ஏழெட்டு கிலோ வந்துவிடும். ஒட்டும் பட்டைகளை நம்பி மாட்டக் கூடாது. சுவரில் துளை போட்டு பிளக் வைத்து இரண்டு திருகு. புதுச் சுவரில் துளை போட மனம் வராதவர்கள் துணிச் சட்டத்துக்கே போகலாம், அது மிகவும் இலேசு.

எந்த வழியானாலும் அளவு

டிசைன் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்பதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. சாதாரணப் பார்வையுள்ள கண்ணுக்கு 3.4 மீட்டர் தூரத்தில் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய அளவு சுமார் 1 மில்லிமீட்டர். மேசையில் வைத்து ஆசையாகச் செதுக்கிய மெல்லிய நரம்புகள் எதிர்ச் சோபாவிலிருந்து பார்க்கும்போது கலங்கிய ஒரே நிறமாகிவிடும். பெரிய அறைக்கு வடிவம் உள்ளங்கை அளவாவது இருக்கட்டும், கோடுகள் சில மில்லிமீட்டர் தடிப்பாகவாவது இருக்கட்டும். நடைவழியில் மாட்டுவதென்றால் நேர்மாறு. அங்கே முகத்துக்கு அருகில் பார்ப்பதால் நுணுக்கம் வீண்போகாது.

படுக்கையறைக்குக் கறுப்பு வெள்ளைக் கோடுகளை நெருக்கமாகப் போட வேண்டாம். மூன்று மீட்டர் தூரத்தில் பார்க்கும்போது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை திரும்ப வரும் அழுத்தமான கோடுகள் பலருக்குக் கண் கூசும், மைக்ரேன் உள்ளவர்களுக்குத் தலைவலியைக் கிளப்பும். அதே கோடுகளை இரண்டு நெருங்கிய நிறங்களில் போட்டால் தொல்லை குறையும். நிறங்கள் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க, மாதிரியைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், தூரத்திலிருந்து பேட்டர்ன் கரைந்துபோகும். நடுத்தரமான வேறுபாடே வீட்டுக்கு ஏற்றது.

தொங்கவிடும் பலகை என்றால் அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் வருவது பொதுவான அளவு. சோபாவுக்கு மேலே என்றால் அந்தக் கணக்கைவிட, சோபாவின் முதுகுக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் என்பதுதான் முக்கியம். அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு உழைத்த வேலையும் தபால் தலை போலத் தனியாகத் தொங்கும்.

அப்படியானால் யாருக்கு எது

முதல் தடவை செய்பவர், இப்போதுதான் குடிபோயிருப்பவர் என்றால் சதுரங்கள், அல்லது துணி அச்சு. இரண்டில் எது என்பது கையில் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது. சதுரங்களை நாளுக்கு நான்கு என்று விட்டு விட்டுச் செய்யலாம். துணி அச்சில் செதுக்குவதைப் பல நாட்களாகப் பிரிக்கலாம். அடிப்பதை மட்டும் ஒரே மூச்சில் முடித்தால்தான் வண்ணத்தின் பதம் ஒன்றாக இருக்கும். வாடகை வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், துணி அச்சு.

ஸ்டென்சிலை, அந்த வீட்டில் ஒரு வருடமாவது இருந்து, எல்லாப் பருவத்து வெளிச்சத்தையும் சுவரில் பார்த்த பிறகு எடுத்துக்கொள்வதே நல்லது. முழுச் சுவர் வேண்டாம், ஒரே ஒரு சுவரின் ஒரு பகுதி என்று தொடங்கினாலும் போதும். டேப் வழியை விரும்புபவர்கள் சுவரில் இறங்குவதற்கு முன் ஒரு மீட்டர் பிளைவுட் பலகையில் செய்து பார்க்கட்டும். அது நன்றாக வந்துவிட்டால் பலகையையே மாட்டிவிட்டுச் சுவரை நிம்மதியாக விட்டுவிடலாம், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

எதைச் செய்தாலும் மிச்சப் பெயின்ட்டைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் ஊற்றி, நிறத்தின் குறியீட்டு எண்ணையும் அடித்த தேதியையும் மூடியில் எழுதிவையுங்கள். சோபா உரசும் உயரத்தில் பேட்டர்ன் முதலில் தேயும், அப்போது அதே நிறத்தைக் கடையில் கண்ணால் பார்த்துத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம்.